22 மூட்டைகளில் நான்கு: ஒரு மரபரிசிக் கடையைப் பற்றி

தஞ்சாவூரில் மரபு நெல் அரிசி மட்டுமே விற்கும் ஒரு சிறிய கடையில் 14 மாதங்களாக அரிசி வாங்கி வருகிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதத்துக்குச் சுமார் 20 கிலோ அரிசி செலவாகும். அதில் பாதியை இந்தக் கடையிலும் மீதியை வழக்கமான மளிகைக் கடையிலும் வாங்குகிறோம். நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கடை என்று சொன்னாலும் அது பத்தடி அகலமுள்ள ஒரு கூடம்தான். வாய் மடித்த சணல் மூட்டைகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிலேட்டுத் துண்டில் சுண்ணக்கட்டியால் பெயரும் விலையும் எழுதப்பட்டிருக்கும். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், குள்ளக்கார், அறுபதாம் குறுவை, கருங்குறுவை, காட்டுயானம், மடுமுழுங்கி, ஒட்டடையான், களர்பாலை, குடவாழை என்று நான் முதல் நாள் எண்ணியபோது 22 பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே பாதி வேளாண்மைப் பாடம் முடிந்துவிடும். அறுபதாம் குறுவை என்பது அறுபது நாள் கணக்கு. களர்பாலை என்பது உப்பும் காரமும் ஏறிய களர் நிலத்துக்கு உரியது. மடுமுழுங்கி என்பது மடுவில் தண்ணீர் தேங்கினாலும் தாங்குவது. ஒரு யானை உள்ளே நின்றாலும் தெரியாத உயரத்துக்கு வளர்வது என்பதால் காட்டுயானம். எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில், எத்தனை நாளில் விளையும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்த சமூகம், அந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை ஒரே தலைமுறையில் மறந்தும் போனது.

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கா சார்?" என்பதாகத்தான் இருக்கிறது. சமையலுக்கு என்ன வேண்டும், சோற்றுக்கா, இட்லிக்கா, கஞ்சிக்கா என்று கேட்பதற்கு முன்பே நம் இரத்தத்தைப் பற்றி விசாரிக்கும் இந்த வழக்கத்தில்தான் கடையின் பெரும் குறை தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் அரிசி.

தூயமல்லியை எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கிறேன். மல்லிகை மொட்டைப் போன்ற வெண்மையான, மெல்லிய அரிசி. சாம்பாரோ ரசமோ எதை ஊற்றினாலும் குழையாமல் நிற்கும். பொன்னிக்குப் பழகிய நாக்குக்கு எந்தச் சிரமமும் இல்லை. கிச்சிலிச் சம்பாவும் அப்படியே. மதியச் சோறு மிஞ்சினால் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை பழையதாகச் சாப்பிடும்போது அதன் ருசி இன்னும் தெரிகிறது. குள்ளக்கார் இட்லிக்கு நன்றாக வருகிறது. ஆனால் முழுவதும் அதையே போட்டால் இட்லி சற்றுச் சிவந்து கனமாக இருப்பதால், இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறோம். பூங்கார் மாவில் புட்டு அவித்தால் தேங்காய்கூடத் தேவையில்லை.

மாப்பிள்ளைச் சம்பாவில்தான் நான் முதலில் தோற்றேன். பொன்னியைப் போல் அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் நான்கு விசில் விட்டுத் திறந்தபோது, சுண்டலுக்கு வேகாத கொண்டைக்கடலையைப் போல் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக என்னைப் பார்த்தது. அம்மா ஒரு வாய் மென்றுவிட்டு, "இதை மெல்லுறதுக்கே ஒரு மாப்பிள்ளை வேணும்போல இருக்கு" என்றார். இரவு முழுவதும் ஊறவைத்து, ஒன்றுக்கு நான்கு என்று தண்ணீர் வைத்து, சிறு தீயில் விட்டால் நன்றாக வெந்துவிடுகிறது. உடைத்துக் கஞ்சியாக்கினால் இன்னும் நல்லது. காட்டுயானமும் இதே ரகம்தான், இன்னும் கொஞ்சம் பிடிவாதம் கூட. கருப்புக் கவுனியைச் சோறாகச் சாப்பிடுவது என்னைப் பொறுத்தவரை வீண். செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் செய்வதைப் போல வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிண்டும்போதுதான் அந்த அரிசிக்கு உரிய மரியாதை கிடைக்கிறது. ஊறவைத்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் மாறுவதைப் பார்த்துச் சாயமோ என்று பயப்பட வேண்டாம். அது அதன் தோலிலேயே உள்ள நிறம்.

விலை அதிகம்தான். நான் கடைசியாக வாங்கியபோது தூயமல்லி கிலோ 95 ரூபாய், மாப்பிள்ளைச் சம்பா 90, கருப்புக் கவுனி 180, குடவாழை 80. மளிகைக் கடைப் பொன்னி 60 ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது எல்லா வீடுகளுக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் விலை ஏன் இப்படி என்பதற்கும், இந்த நெல்கள் ஏன் வயலை விட்டுப் போயின என்பதற்கும் ஒரே காரணம்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடையை மதிப்பிட முடியாது.

மரபு நெல்லில் பெரும்பாலானவை உயரமாக வளர்பவை. அவற்றுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு மேலும் நீண்டு, கதிர் முற்றும்போது பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8, குட்டையான தண்டு கொண்டதால் உரத்தைத் தின்று கதிராக மாற்றியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் தஞ்சை வயல்களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் பரவியது. 1960களின் நடுவில் நாடு பஞ்சத்தின் விளிம்பில் நின்றது. கப்பலில் வந்து இறங்கிய கோதுமைக்கு வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே குட்டை நெல்லை ஒரு சதி என்பதுபோல் இந்தக் கடையின் சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டி எனக்கு உடன்பாடில்லை. ஏக்கருக்கு 15 மூட்டை தரும் நெல்லை விட்டு 30 மூட்டை தரும் நெல்லுக்கு ஒரு விவசாயி மாறியதில் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது: புதியதை ஏற்றபோது பழையதை விதையாகவேனும் வைத்துக்கொள்ள யாருக்கும் எந்த ஆதாயமும் ஏற்படுத்தித் தரப்படவில்லை. விதைநெல் இரண்டு மூன்று ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். இரண்டு மூன்று போகம் ஒருவரும் விதைக்காமல் விட்டாலே ஒரு ரகம் ஓர் ஊரிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. அதற்கு எந்த இரங்கல் கூட்டமும் நடப்பதில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனால் அங்கே இருப்பது சன்னம், பொது என்ற இரண்டே வகைதான். களர் மண்ணில் நின்று விளைந்த நெல்லுக்கும் நல்ல நிலத்தில் உரம் போட்டு விளைந்த நெல்லுக்கும் அங்கே ஒரே தராசு. ஆகவே மரபு நெல் பயிரிடுபவர் இதைப் போன்ற கடைகளையே நம்ப வேண்டியிருக்கிறது. கடை நம்மை நம்பியிருக்கிறது.

அப்படி நம்பி வளர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மறைந்த நெல் ஜெயராமன். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரின் வழியில் வந்த அவர், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது 174 ரகங்களை மீட்டவர் என்று செய்தித்தாள்கள் எழுதின. நான் எழுதும் கடையில் உள்ள விதைகளில் பலவும் அந்த இரண்டுக்கு நான்கு கணக்கில் கைமாறி வந்தவைதாம் என்று கடைக்காரர் சொல்கிறார்.

ஒரு ரகம் மறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, குட்டை நெல்லின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லலாம். நமக்கெல்லாம் பழக்கமான ஐ.ஆர். 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று, திரூர்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6, அதன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24 என்று கோயம்புத்தூரில் 1921-ல் வெளியான நெல். கிச்சிலிச் சம்பா என்ற பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது அதுதான். குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்தை ஐ.ஆர். 20-க்குக் கொடுத்தது டி.கே.எம். 6. பிறகு புகையான் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி பரப்பிய குட்டைநோய் தெற்காசிய, தென்கிழக்காசிய வயல்களைச் சூறையாடியபோது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்து, உத்தரப்பிரதேசத்தில் எடுக்கப்பட்ட ஒரேயொரு காட்டு நெல் மாதிரியில்தான் எதிர்ப்புத் திறனைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து வந்தது ஐ.ஆர். 36. அந்தப் புல்லை யாராவது களையென்று பிடுங்கி எறிந்திருந்தால் நம் தட்டில் என்ன இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

பருவநிலை மாற்றம் இந்தக் கணக்கை இன்னும் நெருக்கமாக்கியிருக்கிறது. டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, சம்பா வயல்கள் வெடித்துக் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் பருவம் தப்பிய மழை கொட்டி, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கெஞ்ச வேண்டியிருந்தது. ஓராண்டு தண்ணீரில்லை, ஓராண்டு தண்ணீர் மட்டுமே என்ற நிலையில், ஊர் முழுவதும் ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் அறுக்கும் ஒரே ரகம் இருந்தால், ஒரு மழை ஊரையே அடித்துக்கொண்டு போய்விடும். அறுபது நாள் நெல்லும் நூற்றெண்பது நாள் நெல்லும் அடுத்தடுத்த வயலில் நின்ற காலத்தில் மழை வந்தால் ஒருவருக்கு இழப்பு, இன்னொருவருக்குப் பயன். மொத்தத்தில் ஊர் சாப்பிட்டது.

வெள்ளத்தைத் தாங்கும் குணத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வயலில் இரண்டு வாரம் முழுக்கத் தண்ணீர் மூடியிருந்தாலும் பயிரைப் பிழைக்க வைக்கும் சப்-1 என்னும் மரபணு, ஒடிசாவின் ஒரு மரபு நெல்லிலிருந்து எடுக்கப்பட்டது. அது சேர்க்கப்பட்ட சுவர்ணா சப்-1, 2009-ல் இந்தியாவில் வெளியானது. நம் டெல்டாவில் சி.ஆர். 1009 சப்-1 பயிராகிறது. அதாவது, மரபு நெல்லை விதைக்காதவரும் மரபு நெல்லின் தயவில்தான் இருக்கிறார். இந்தக் கடையின் சுவரொட்டியில் எழுத வேண்டியது இதைத்தான்.

வெப்பமும் சத்தும் இன்னொரு கதை. பிலிப்பைன்ஸில் உள்ள அதே நிலையத்தின் 1979 முதல் 2003 வரையான வெப்பநிலைப் பதிவுகளையும் அங்குள்ள வயல்களின் விளைச்சலையும் ஆராய்ந்தவர்கள், கோடைப் போகத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைவதைக் கண்டார்கள். 2018-ல் வெளியான வேறோர் ஆய்வில், சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் ரகங்களைக் கரியமில வாயு கூடுதலாக உள்ள காற்றில் திறந்த வயலிலேயே வளர்த்துப் பார்த்தபோது, அரிசியில் புரதம் சராசரியாக 10 சதவீதமும், இரும்புச் சத்து 8 சதவீதமும், துத்தநாகம் 5 சதவீதமும் குறைந்தன. பி வகை வைட்டமின்கள் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தன. இந்தச் சரிவு ரகத்துக்கு ரகம் வேறுபட்டது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. எது குறைவாக இழக்கிறது என்று தேர்ந்தெடுக்க வேண்டுமானால், தேர்ந்தெடுப்பதற்குக் கையில் பல இருக்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உணவுக்காக மனிதன் பயிரிட்டிருக்கும் தாவரங்கள் சுமார் 6,000. அவற்றில் வெறும் ஒன்பது பயிர்கள் உலகின் மொத்தப் பயிர் விளைச்சலில் 66 சதவீதத்தைத் தருகின்றன. அந்த ஒன்பதில் ஒன்றான நெல்லுக்குள்ளேயும் நாம் இப்படிச் சுருங்கிக்கொண்டிருக்கிறோம்.

கடந்த மார்கழியில், கடைக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் வண்டியில் வேதாரண்யம் பக்கம் ஒரு குடவாழை வயலுக்கு அழைத்துப் போனார். அந்தக் கடையின் சேவைகளில் மிகச் சிறந்தது இதுதான். கேட்கும் வாடிக்கையாளர் யாரையும் அவர் இப்படிக் கூட்டிப்போவாராம். கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாய்க்கால் கரையில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. ஆற்றில் நன்னீர் வரத்து குறையக் குறைய, கடல்மட்டம் உயர உயர, உப்பு நிலத்தடியில் உள்ளே நகர்கிறது. எழுபது வயதைக் கடந்த அந்த விவசாயி, "நல்ல மண்ணுக்கு நூறு நெல்லு இருக்கு தம்பி. இந்த உப்பு மண்ணுல இதை விட்டா வேற எது நிக்கும்?" என்றார். சுனாமிக்கு அடுத்த போகத்தில் அந்தப் பக்கத்து வயல்களில் முதலில் தலைதூக்கியவை இந்த மாதிரி நெல்கள்தாம் என்று நினைவுகூர்ந்தார்.

நான் அங்கே பார்த்தது நெல்லை மட்டும் அல்ல. மருந்து தெளிக்காத அந்த வயலின் வரப்பில் நண்டு வளைகள் இருந்தன. மடைவாயில் குஞ்சுக் கெண்டைகள் துள்ளின. வரப்போரத்தில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் படர்ந்திருந்தன. நெற்பயிரின் அடித்தூரைக் குனிந்து விலக்கிப் பார்த்தபோது, நகத்தளவு சிலந்தி ஒன்று இரண்டு தூர்களுக்கு நடுவே வலை பின்னிக்கொண்டு, புகையான் குஞ்சு ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தது. பூச்சிமருந்து முதலில் கொல்வது இந்தச் சிலந்தியைத்தான். புகையானோ முட்டைகளைத் தண்டுக்குள் பத்திரப்படுத்திவிடுவதால் சீக்கிரம் திரும்பி வந்துவிடும், சிலந்தி வராது. அந்த வீட்டில் மதியம் எங்களுக்குப் போட்ட சாப்பாட்டில் குடவாழைச் சோறு, வயல் நண்டு ரசம், ஆரைக்கீரைக் கடைசல் மூன்றும் ஒரே வயலிலிருந்து வந்தவை. ஒரு வயலை அரிசி தொழிற்சாலையாக மாற்றும்போது நாம் இழப்பது இன்னொரு நெல் ரகத்தை மட்டுமல்ல, ரசத்தையும் கீரையையும் சேர்த்துத்தான். பிறகு அவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம், அல்லது வாங்க முடியாமல் விட்டுவிடுகிறோம்.

இனிக் குறைகள். முதலாவது, அந்தச் சர்க்கரைக் கேள்வி. தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் கூடுதலாக இருப்பதும், அது மெதுவாகச் செரிப்பதும் உண்மை. ஆனால் எந்த அரிசியும் அரிசிதான், மருந்து அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கவுனி சாப்பிடலாமா என்று ஒரு முதியவர் என் கண்முன்னே கேட்டபோது, கடைக்காரர் "டாக்டரைக் கேட்டுக்குங்க ஐயா" என்று சொல்லியிருக்க வேண்டும், சிரித்து மழுப்பினார்.

இந்த வியாபாரப் பேச்சால் உடல்நலத்தைவிடப் பெரிய ஒரு நட்டமும் நிகழ்கிறது. கடையில் 22 மூட்டைகள் இருந்தாலும், வாராவாரம் காலியாகி நிரம்புவது நான்குதான்: தூயமல்லி, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி. முதல் இரண்டும் ருசிக்காக, அடுத்த இரண்டும் உடம்புக்காக. உப்பைத் தாங்குவது, வெள்ளத்தைத் தாங்குவது, வறட்சியைத் தாங்குவது ஆகிய குணங்கள் சாப்பிடுபவரின் நாக்கிலோ இரத்தப் பரிசோதனைச் சீட்டிலோ தெரிவதில்லை. அதனால் குடவாழையும் களர்பாலையும் மடுமுழுங்கியும் ஒட்டடையானும் மூட்டையில் அப்படியே கிடக்கின்றன. கவுனிக்கு விலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதற்குத் தோதில்லாத நிலத்திலும் கவுனி விதைக்கிறார்கள். ஐ.ஆர். 8 செய்த அதே வேலையைக் கவுனியும் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறது. மரபு நெல் என்ற பெயர் அதற்கு விலக்குத் தரவில்லை.

விதைகளைக் குளிர் அறையில் பாதுகாக்கிறார்களே என்று கேட்கலாம். பிலிப்பைன்ஸ் நிலையத்தின் விதை வங்கியில் 1,32,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிமலைக்குள் 2008 முதல் ஒரு கிடங்கும் இருக்கிறது. அவை மிகவும் தேவையானவை. ஆனால் குளிர் அறையில் உறங்கும் விதை, அது எடுக்கப்பட்ட ஆண்டின் வானிலையோடு நின்றுவிடுகிறது. வேதாரண்யத்து வயலில் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் உப்போடு மல்லுக்கட்டி, தாங்கிய கதிரிலிருந்தே அடுத்த விதையை எடுக்கும் முதியவரின் நெல் மட்டும்தான் மண்ணோடு சேர்ந்து மாறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது குறை, சுவரில் உள்ள 'பூமியைக் குளிர்விக்கும் அரிசி' என்ற வாசகம். இது உண்மையில்லை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றுப் புகாத சேற்றில் மட்கும் பொருள்களிலிருந்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது. அது எந்த நெல் நின்றாலும் வரும். நூற்றெண்பது நாள் தண்ணீரில் நிற்கும் காட்டுயானம் அந்த நாள்களெல்லாம் மீத்தேன் வெளிவர இடம் கொடுக்கவே செய்யும். தழையுரம் மிகுந்தால் இன்னும் கூடும். இரசாயன உரமில்லாததால், அந்த உரத்திலிருந்து வரும், அதே போலச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும், யூரியா ஆலையில் எரியும் எரிவாயுவும் மிச்சம் என்பது சரி. ஆனால் மீத்தேனைக் குறைப்பது நெல்லின் பெயரல்ல, நீர் பாய்ச்சும் முறை. நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வதைப் போல, வயலை அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சினால் அது வெகுவாகக் குறைகிறது. பாதி உண்மையை முழு உண்மையாக எழுதி ஒட்டுவதால் முழு உண்மையின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

மூன்றாவது, கலப்பு. இரண்டு முறை நான் வாங்கிய மாப்பிள்ளைச் சம்பாவில் வெளிறிய வேறு அரிசி கலந்திருந்தது. விசாரித்ததில், ஆலைகள் எல்லாம் நூற்றுக்கணக்கான மூட்டைகளை ஒரே மூச்சில் அரைப்பதற்காக அமைந்தவை என்பதும், ஐந்து மூட்டை கொண்டுபோனால் முன்பு அரைத்தவருடைய நெல்லின் மிச்சம் அதில் சேர்ந்துவிடுகிறது என்பதும் தெரிந்தது. அது அவர் கையில் இல்லாத காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்காவது குறை முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது: எந்த மூட்டையிலும் அரைத்த தேதி கிடையாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி கோடையில் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். சித்திரையில் வாங்கிய ஐந்து கிலோ கருங்குறுவை மூன்றாம் வாரமே அப்படியாகி, அதைக் கோழிக்குப் போட்டோம். திருப்பிக் கேட்டபோது பணம் தராமல், வேறு அரிசி தந்தார். சிலேட்டில் விலைக்குக் கீழே ஊர், பட்டம், அரைத்த நாள் என்று மூன்று வரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்று முறை சொல்லிவிட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காகிதப் பையைவிடத் துணிப்பை கொண்டுபோவது நல்லது. முதல் முறை தூயமல்லியோ கிச்சிலியோ இரண்டு கிலோ மட்டும் வாங்குங்கள்; எடுத்தவுடன் சிவப்பரிசியில் இறங்கினால் வீட்டில் கலகம் நடக்கும். ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம். இரண்டு துண்டு வசம்பும் நான்கு காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் வண்டு அண்டாது. புழுங்கலாகக் கிடைப்பதைப் புழுங்கலாகவே வாங்குங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும்.

குடவாழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவந்த, நடுத்தரப் பருமனுள்ள அரிசி. நான்கு மணி நேரம் ஊறினால் போதும். மோர்க்குழம்புக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் அதைப் போல் அமைவது இல்லை. ஆனால் அது எதையும் குணப்படுத்துவதாக யாரும் சொல்லவில்லை. போன மாதம் கடைக்குப் போனபோது மூட்டை வரிசையில் சிலேட்டுகள் 19 ஆகக் குறைந்திருந்தன. குடவாழையும் அடுத்த தையிலிருந்து எடுக்கப் போவதில்லை என்றும், ஆறு மாதத்தில் 11 கிலோதான் விற்றது என்றும், அதில் ஒன்பது கிலோ நான் வாங்கியது என்றும் கடைக்காரர் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் தெருவில் மூன்று வீடுகளையும் சேர்த்துப் பேசி, தை அறுவடையில் 60 கிலோ ஒரு மூட்டை முன்பணத்தோடு எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னொரு மூட்டைக்கு ஆள் கிடைத்தால்தான் அந்த முதியவர் முழு ஏக்கரையும் விதைப்பாராம். இல்லாவிட்டால் அரை ஏக்கர். தஞ்சையில் இருப்பவர்கள் யாராவது பங்கு சேர விரும்பினால், ஆடி முடிவதற்குள் கடையில் குடவாழை என்று சொல்லிப் பெயர் எழுதி வையுங்கள்.